கேட்காமல் தூக்கிய பெட்டி

"பொய்," என்று மனைவியிடம் சொல்கிறார் பீரோ, இடுப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டிக்கொண்டே. தொலைக்காட்சியில் போதகர் இன்னும் பெட்டியைத் தொடவே இல்லை. கோட்டைக் கழற்றி உதவியாளரிடம் நீட்டிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார். "இப்ப மேல பாப்பாரு பாரு. அப்புறம் கண்ணை மூடுவாரு. அப்புறம் கட்டிப் பிடிப்பாரு." சொன்னபடியே நடக்கிறது. மார்பளவு உயரமுள்ள கறுப்பு இரும்புப் பெட்டி தரையை விட்டு எழும்புகிறது. அரங்கம் முழுக்க எழுந்து நிற்கிறது. பீரோ இன்னொரு முறை "பொய்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொள்கிறார். ஆனால் அந்தப் பெட்டி திரும்பத் தரையில் இறங்கும்வரை வாசற்படியைத் தாண்டுவதில்லை.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவர் மேஸ்திரி. இளமையில் ஓர் இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக மூன்றாம் மாடிக்கு முதுகில் ஏற்றினார் என்று ஒரு கதை உண்டு. பெயர் அதிலிருந்து வந்தது. அந்தக் கதையை முதலில் மறுப்பவர் அவரேதான். "ஒண்டியா எங்க ஏத்தினேன்? கயிறு ஏத்துச்சு. பின்னாடி ரெண்டு பேர் மூச்சு வாங்க ஏத்துனாங்க. பேரு மட்டும் என்கிட்ட வந்து ஒட்டிக்கிச்சு." பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தமும் கிடையாது. ஒல்லி உடம்பு, வளைந்த கால்கள், சட்டைக்குள் காற்று புகுந்து விளையாடும் தோள்கள். கை மட்டும் வேறு யாருடையதையோ கடன் வாங்கி மாட்டியதுபோல அகலமாக இருக்கும்.

எதைப் பார்த்தாலும் எடை சொல்வார். சோபா, துணி துவைக்கும் இயந்திரம், தெருவில் போகிற நாய், எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார். விருந்தாளி உட்காருமுன் வாசலிலேயே எடையை அறிவித்துவிடுவார். அவருடைய மைத்துனனின் மனைவி அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தியது அதனால்தான்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். எந்தப் பொருளையும் தூக்குமுன் அதன் ஒரு மூலைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து லேசாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு அவர் ஆட்கள் மத்தியில் "கேட்கிறது" என்று பெயர். அது எவ்வளவு கனம், எந்தப் பக்கம் பாரம், உள்ளே ஏதாவது உருளுகிறதா என்பதெல்லாம் அந்தச் சாய்ப்பில் தெரிந்துவிடும். கேட்காமல் கை வைக்கிற ஆளை அன்றைக்கே வண்டியிலிருந்து இறக்கிவிடுவார். "பெட்டி சின்னதா இருக்குன்னு பாக்காதே. புத்தகம் இருந்தா இடுப்பை ஒடிக்கும். பெருசா இருக்குன்னும் பயப்படாதே. தலகாணி இருக்கும். கண்ணு சொல்றதைக் கேக்காதே, அதுகிட்ட கேளு." வீட்டிலும் அவர் கை சும்மா இருக்காது. தண்ணீர்க் குடத்தைக்கூடச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, தகடு வைத்து வீட்டுக்கு வந்தபோது, அந்தப் பழக்கம் கைகொடுத்தது. இடுப்பில் அறுவை ஆனவர்களை எழுப்பும்போது பெரும்பாலான கணவன்மார்கள் செய்வது அக்குளில் கையை விட்டு இழுப்பது. நோயாளி வலியில் கத்துவார், இவர்கள் பயந்து விட்டுவிடுவார்கள். பீரோ அப்படிச் செய்யவில்லை. கட்டில் ஓரத்துக்கு அவளை நகர்த்தி, முழங்கைக்கு அடியில் கை கொடுத்து, லேசாக முன்னால் சாய்த்து, "எவ்வளவு வர்றே?" என்று கேட்பார். "பாதி வர்றேன்," என்பாள் அவள். உடம்பு முடியாத நாளில், "இன்னிக்குக் கால்வாசிதாங்க." மிச்சத்தை அவர் எடுத்துக்கொள்வார். அவள் வருவதாகச் சொன்ன அளவைவிட ஒரு தடவைகூட அவர் அதிகமாக எதிர்பார்த்ததில்லை.

இடது கால் தரையைத் தொடலாம், பாரம் தாங்கக் கூடாது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் இதை ஒவ்வொரு முறை வரும்போதும் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போவாள். எலும்பு கூடுவதற்குள் அந்தக் காலில் முழு உடம்பையும் இறக்கினால் தகடு பெயர்ந்துவிடும். மறுபடி அறுத்தால், இந்த வயதில், இந்தச் சர்க்கரையோடு, அவள் எழுந்து நடமாடுவது சந்தேகம் என்று டாக்டர் பீரோவைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். ஆகவே வாக்கர்தான் அவளுக்கு இப்போது கால்.

அவளோ நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் போதகரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகரைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி. எழுபதைத் தாண்டியும் தினம் காலையில் கால்களால் ஒரு வேன் கனத்தைத் தள்ளுகிறேன், இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து அசைக்க முடியாததை ஒற்றை ஆளாகத் தூக்குகிறேன், விசுவாசம் எலும்புக்குள் இறங்கினால் யாருக்கும் இந்தப் பலம் வரும் என்று அவர் சொல்வதை ஒரு கட்சி கண்ணீரோடு கேட்டது. நில விவகாரத்தில் வழக்கு, பலம் தரும் பொடி என்று விற்றதில் இன்னொரு வழக்கு என்று மற்றக் கட்சி செய்தித்தாளை விரித்துக் காட்டியது. பீரோ இரண்டாம் கட்சி. அவர் மனைவியின் தம்பி, போதகரின் ஜெப நிலையத்தில் சம்பளமில்லாமல் ஊழியம் செய்கிறவன், முதல் கட்சி. அக்கா கீழே விழுந்ததிலிருந்து தினமும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நல்லவன். அவள் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைப்பதும் அவன்தான்.

அவன்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். நிலையம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அன்று போதகர் நேரலையில் பெட்டியைத் தூக்கும் நேரத்தில், கால் முடியாதவர்கள் அவரவர் வீட்டில் பிடித்திருப்பதை விட்டுவிட்டு எழுந்து நிற்க வேண்டும். நின்றுவிடுவார்கள். அக்காவும் நிற்பாள் என்றான். அவள் அதற்கென்று ஒரு புடவையை எடுத்து வைக்கச் சொன்னாள். பீரோ வழக்கம்போல, "பொய்," என்றார். அவள் வழக்கம்போல அதைக் காதில் வாங்கவில்லை.

நிலையத்தை மாற்றும் வேலை அவருடைய கம்பெனிக்கே வந்தது. மேடை நாற்காலிகள், விளக்குக் கம்பங்கள், பொடி டப்பா அடுக்கிய பெட்டிகள் எல்லாம் வண்டி ஏறின. கடைசியில் மேடைக்குப் பின்னால் ஒரு போர்வையை விலக்கினால், அது நின்றது. கறுப்பு வர்ணம், பித்தளைக் கைப்பிடி, தடித்த கீல். இத்தனை வருஷமாகத் தொலைக்காட்சிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தது, கைக்கெட்டும் தூரத்தில். ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் பெல்ட்டை ஒரு துளை இறுக்கினார். மூன்று பேரை மூன்று மூலைக்கு அனுப்பிவிட்டு, நாலாவது மூலையைத் தானே எடுத்துக்கொண்டார். குழுவிலேயே மெலிந்த ஊசி என்பவன், "மேஸ்திரி, கேக்கலையா?" என்று இழுத்தான். அது அவர் காதில் விழவில்லை. காலை அகட்டி ஊன்றி, மூச்சை இழுத்துக் கட்டி, ஒன்று, இரண்டு சொல்லி, பிறந்ததிலிருந்து சேர்த்த பலத்தையெல்லாம் திரட்டி ஒரே தம்மில் தூக்கினார்.

பெட்டி பறந்தது. தலையணை பறக்கிற மாதிரி பறந்தது. தூக்கிய வேகம் போக இடமில்லாமல் அவரையே பின்னால் தள்ளியது. மேடைப் படியின் விளிம்பில் முதுகு மோத மல்லாந்து விழுந்தார். பெட்டி அவர் மார்பின் மேல் வந்து விழுந்து, வலிக்காமல் உருண்டு, கதவு திறந்துகொண்டது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மரச் சட்டங்கள். வேறொன்றும் இல்லை.

ஆட்கள் சிரித்து உருண்டார்கள். இத்தனை வருஷம் சொன்னது நிரூபணமாகிவிட்டதே, மேஸ்திரி ஜெயித்துவிட்டாரே என்று ஊசி கைகூடத் தட்டினான். பீரோ மட்டும் எழுந்திருக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி காலி என்பதில் அவருக்கு என்ன அதிர்ச்சி இருக்க முடியும்? தினமும் காலையில் அவர் வாய் சொன்னதுதான் அது. ஆனால் இந்தக் கைகள் வாயை நம்பவில்லை. தண்ணீர்க் குடத்தைக் கேட்கிற கைகள் இந்த ஒரு பெட்டியை மட்டும் கேட்காமல் நேராகப் போய்ப் பிடித்திருக்கின்றன. மெல்ல அவர் சொன்னது பக்கத்தில் இருந்தவனுக்கு மட்டும் கேட்டது: "நான் நம்பியிருக்கேன்டா."

அடுத்த அடி அதற்கும் பிறகு விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த மைத்துனன் அவரைத் தூக்கி உட்கார வைத்து, முதுகைத் தடவிவிட்டான்.

"சொல்லியிருப்பேனே மாமா. அது ப்ளைவுட். ஒரு கையில எடுத்துட்டுப் போலாம்."

"உனக்குத் தெரியுமா?"

"நான்தானே வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறேன்."

பீரோ அவனையே பார்த்தார். அந்த முகத்தில் திருட்டுத்தனம் தேடினார். இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. அக்காவின் புடவையை மடிக்கும்போது இருக்கிற அதே முகம்.

"முன்னாடி நெஜப் பெட்டி இருந்துச்சாம் மாமா. அதைத் தூக்கியிருக்காரு. இப்ப வயசாயிடுச்சு. இது சும்மா ஜனங்களுக்கு ஞாபகப்படுத்த."

"அந்தப் பெட்டியை நீ பாத்தியா?"

"பாத்தவங்க இருக்காங்க."

"மாப்ளே, உங்கக்கா ஞாயித்துக்கிழமை வாக்கரை விடப்போறா."

"விடட்டும் மாமா," என்றான் அவன், உண்மையான பரிவோடு. "பெட்டி வேற, விசுவாசம் வேற."

அன்று மிச்ச வேலையை ஆட்களே முடித்தார்கள். பீரோ வண்டியின் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி ஆனதிலிருந்து அவர் கை வைக்காமல் ஒரு வண்டி கிளம்பியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். பெட்டி காலி, ப்ளைவுட், தன் கையாலேயே தூக்கியாயிற்று, உன் தம்பிதான் வர்ணம் பூசுகிறான், எல்லாம் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "இதைத்தானே தினமும் சொல்றீங்க," என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தினம் ஒரு 'பொய்' என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லை அவரே தேய்த்துவிட்டிருந்தார். இன்று நிஜமாகவே தேவைப்படும்போது அதில் ஒரு கனமும் இல்லை.

திரும்பி அறைக்குள் போக எழுந்தவர், முதுகு பிடித்துக்கொள்ள, சுவரைப் பிடித்தார். அவள் ஆய்வதை நிறுத்தினாள். சட்டையைத் தூக்கச் சொன்னாள். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிக் கறுத்திருந்தது.

"எப்படி ஆச்சு?"

"தூக்கும்போது."

"காலிப் பெட்டின்னீங்க. காலிப் பெட்டியைத் தூக்கினா முதுகு ஏன் இப்படி ஆகும்?"

அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். "கனமா இருக்கும்னு நெனச்சுத் தூக்கினேன்."

அவள் கையிலிருந்த கீரைக் கட்டு மடியில் விழுந்தது.

"கேக்கலையா?"

"கேக்கல."

இதைக் கேட்டு அவள் முகம் போன போக்கை, அவள் குளியலறையில் விழுந்த நாளில்கூட அவர் பார்த்ததில்லை. ஈரத்துணியை மடித்து அந்தக் கறுப்பின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப்போகிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புடவையைத்தான் கட்டினாள். கட்டில் ஓரத்துக்கு வந்து, வாக்கரின் இரண்டு பிடியையும் பற்றிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பீரோ, தாங்கிப் பிடிக்கும் தூரத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். அன்று அவர் "பொய்" என்று சொல்லவில்லை. புது மேடை, புது விளக்குகள், புது வர்ணத்தில் பளபளக்கும் பெட்டி. ஓரத்தில் கைகட்டி நிற்கும் அவள் தம்பி. போதகர் கோட்டைக் கழற்றினார். மேலே பார்த்தார். கண்ணை மூடினார். கட்டிப் பிடித்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "பிடித்திருப்பதை விடுங்கள்," என்று தழுதழுத்த குரலில் கூப்பிட்டார். "எழுந்து நில்லுங்கள்."

அவள் வலது கை வாக்கரிலிருந்து விடுபட்டது.

பீரோ அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் திரையைவிட்டு நகரவே இல்லை. ஸ்டூலின் விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்த விதம் உட்கார்ந்த மாதிரியே இல்லை. குதிகால் தரையில் ஊன்றியிருந்தது, தொடை கல்லாக இறுகியிருந்தது, மூச்சு பாதியில் கட்டி நின்றிருந்தது. பெட்டி எழும்பியது, கூடவே அவரும் ஸ்டூலைவிட்டு ஒரு விரற்கடை எழும்பினார்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சை விடுங்க," என்றாள். "அது காலிப் பெட்டி."

இடது கை வாக்கரை விடாமல் இருக்க, விடுபட்ட வலது கையை நீட்டி, அவர் முழங்காலுக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து, லேசாகச் சாய்த்துப் பார்த்தாள்.