அக்கா கேட்ட இனிப்பு

அக்காவுக்குப் பதினேழு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. எழுபதுகளில் கோம்பைப் பக்கத்து எங்கள் ஊரில் ஃப்ரிட்ஜுக்கு எங்கே போவது? இன்சுலின் புட்டியை ஈரமணல் பானைக்குள் வைத்திருப்போம். காலையில் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து அம்மாதான் போட்டுவிடுவாள்.

விஷயம் வெளியில் தெரியக் கூடாது. "பொண்ணு கேட்டு ஒரு நாயி வராதுடி, வாயத் தொறந்தா கொன்னுருவேன்" என்று அம்மா என்னை மிரட்டி வைத்திருந்தாள்.

மாரியம்மன் பொங்கல் வந்தது. நோய் தீர அக்கா விரதம் இருந்து முளைப்பாரி எடுப்பதாக வேண்டுதல். அன்று காலையும் அம்மா ஊசியை எடுத்தாள்.

"சாப்பிடாமப் போடலாமாம்மா?" என்றாள் அக்கா.

"ஒரு நாளும் ஊசிய விடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாகள்ல? வெறும் வயித்துல இன்னும் நல்லாத்தான் வேல செய்யும்."

நன்றாகத்தான் வேலை செய்தது, பாவி மருந்து.

உச்சி வெயிலில் கோயில் வாசலுக்கு வந்தபோது அக்காவுக்கு வேர்வை ஆறாய் ஓடியது. கைகால் வெடவெடவென்று நடுங்கின. கண் விரிந்து, யாரையோ திட்டினாள். "ஆத்தா வந்துட்டாடோய்!" என்று ஒருத்தி கத்த, முளைப்பாரியை இறக்கினார்கள். மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். மேளம் இன்னும் ஓங்கியது. நானும் சேர்ந்துதான் குலவை போட்டேன். எங்கள் வீட்டுக்கு ஆத்தா வந்துவிட்டாளே என்று எனக்கு அவ்வளவு பெருமை.

"இனிப்பு குடுங்க... இனிப்பா ஏதாச்சும் குடுங்க..." என்று குழறினாள் அக்கா.

ஒரு துண்டு கருப்பட்டியைக்கூட அக்காவின் கண்ணில் காட்டாத அம்மா, கைகூப்பி அழுதாள். "அடுத்த வருசம் சக்கரைப் பொங்க வைக்கிறேன் தாயி! எம்புள்ளயக் காப்பாத்து!" பக்கத்திலேயே அண்டா நிறையப் பானக்கம் இருந்தது. யாருக்கும் ஒரு செம்பு மோந்து கொடுக்கத் தோன்றவில்லை.

பிற்பாடு நர்ஸ் படிப்பில் இதைப் பாடமாகப் படித்தேன். இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் உடம்பு சும்மா இருக்காதாம். நம்மைக் கேட்காமலே இயங்கும் நரம்புகள் விழித்துக்கொள்ளும். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும். நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், நடுங்கும். ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரையையும் வெளியே எடுத்துவிடும். மூளைக்குத் தீனி போதாமல் போனால் பேச்சு குழறும், கோபம் வரும். ஐயோ, அக்காவின் உடம்பு தன்னால் ஆனமட்டும் கத்தியிருக்கிறது! அதற்கு நாங்கள் சூடம் காட்டினோம்.

அவள் சரிந்து விழுந்து வலிப்பு வந்த பிறகுதான் ஜீப்பில் தூக்கிப்போட்டு உத்தமபாளையம் ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றியும் மறுநாள்தான் கண் திறந்தாள். உயிர் பிழைத்தது. ஆனால் பழைய அக்கா திரும்பவில்லை. பேச்சு இழுத்தது. நேற்று நடந்தது இன்று நினைவில் இல்லை. கல்யாணப் பேச்சை அம்மா அதற்கப்புறம் எடுக்கவேயில்லை.

அடுத்த வருடம் சொன்னபடி கோயில் வாசலில் பொங்கல் வைத்தாள் அம்மா. ஒரு வாய் பிரசாதத்தை இலையில் வைத்து அக்காவிடம் நீட்டினாள்.

"எதுக்கும்மா இனிப்பு?"

"போன வருசம் ஆத்தா கேட்டாடி."

அக்கா இலையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"கேட்டப்பவே குடுத்திருக்கலாம்ல?" என்றாள்.