குவிமாடத்துக்குள் அக்கா

போன வாரம் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் மொரோக்கோ பார்த்துவிட்டு வந்தேன்.

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்துப் பணக்காரர் ஒருவர், கப்பலில் போன இடத்தில் ஏதோ மொரோக்கோ அரண்மனையைக் கண்டு மயங்கி, ஊருக்கு வந்து தோட்டக் காணிக்குள் கட்டிய வீடு அது. குவிமாடம், குதிரைலாட வளைவுகள், கலர் கண்ணாடி... சுற்றிவர வெங்காயப் பாத்தி! இப்போது புதுப்பித்து ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். காற்று வரட்டும் என்று அவர் வைத்த சல்லடை ஜன்னல்களைக் கண்ணாடியால் அடைத்து, உள்ளே ஏசி பூட்டியாயிற்று. இதற்குப் பெயர் பாரம்பரியப் பாதுகாப்பாம்.

ஆனால் என் பிரச்சினை கட்டடம் இல்லை. கொக்குவிலில் இருக்கும் என் அக்கா — ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர். கொழும்பிலிருந்து நாங்கள் வந்தால் அவள் வீட்டில்தான் தங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடிருக்க ஹோட்டலில் படுப்பது, உறவு முறிந்தது என்று ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பதற்குச் சமம். மனைவிக்கோ சமைக்க வேண்டாத, குசினிப் பக்கமே போகாத ஒரு விடுமுறை வேண்டும். அக்காவுக்குச் சொல்லாமல் இந்த ஹோட்டலுக்கு வந்துவிட்டோம். தெரிந்தால்? ஆயுளுக்கும் என்னோடு கதைக்க மாட்டாள்.

ரகசியம் எவ்வளவு தூரம் தாங்கியது? வரவேற்பு மேசை வரை.

"ஐயா எவடம்?" என்றார் மானேஜர்.

வேறு ஊர்க்காரன் அடையாள அட்டையை நீட்டிவிட்டுப் போயிருப்பான். நமக்கோ, 'எவடம்' என்று ஊரைக் கேட்டால் பரம்பரையை ஒப்புவிக்காமல் வாய் மூடாதே! கொக்குவில் என்றேன். "ஆற்றை ஆக்கள்?" என்று குடும்பத்தை விசாரித்தார். அக்காவின் பெயர் வரை பெருமையாகச் சொல்லி முடித்தேன்.

"அட, எங்கடை ரீச்சரின்ரை தம்பியோ! எனக்குப் படிப்பிச்சவ. பொறுங்கோ, ரீச்சருக்கு ஒருக்கா கோல் எடுத்துச் சொல்லுறன்."

அடுத்த நாள் காலை, அறை வாசலில் அக்கா. கையில் பிட்டும் சம்பலும்.

"என்ரை வீடு இடிஞ்சு போச்செண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

மனைவி அவசரமாகக் கலர் கண்ணாடியை ரசிக்கத் தொடங்கினாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலில் இருந்தாள். பிறகு சாய்ந்தாள். "உந்த ஏசியைக் கொஞ்சம் கூட்டு" என்றாள். அப்படியே நித்திரையாகிவிட்டாள். மத்தியானம் யாரோ சமைத்த சோற்றை, யாரோ பரிமாற, ஆறுதலாகச் சாப்பிட்டாள்.

பின்னேரம் வீட்டிலிருந்து அத்தான் அக்காவுக்குப் போன் எடுத்தார். இரவுக்கு என்ன சாப்பாடு என்று கேட்டிருப்பார். அக்காவின் குரலில்தான் எவ்வளவு கவலை!

"நான் என்ன செய்ய? தம்பி விடமாட்டன் எண்டு நிக்கிறான். இப்ப வெளிக்கிட்டால் அவன்ரை மனம் நோகும். நாளைக்கு வாறன்."

அரண்மனைக் கட்டில் அக்காவுக்கும் மனைவிக்கும். அரசருக்குத் தரையில் பாய்!