சொல்லிக்கொண்டு போன மருமகள்

இந்த ஆண்டு தை மாதம், திருப்பூர் வேலம்பாளையம். திங்கள் விடியற்காலை என் மனைவி காலமானார். செவ்வாய் காலை மகனும் அவன் மணந்த பின்லாந்துப் பெண்ணும் அங்கிருந்து வந்து சேர்ந்தனர். நண்பகலில் தகனம். மகன் கருமாதிக்காகத் தங்கினான். பேத்தியைத் தன் தாயிடம் விட்டு வந்திருந்த மருமகள் வெள்ளியன்று தனியே திரும்பினார்.

அவரோடு வாரந்தோறும் தொலைபேசியில் பேசி, தமிழும் கற்றுக்கொடுத்தவர் என் மனைவிதான், நானல்ல. மனைவி இல்லாத இந்த வீட்டுக்கு இனி மருமகள் எதற்காக வருவார், பேத்தியை எதற்காக அழைத்து வருவார் என்ற அச்சத்தை நான் எவரிடமும் சொல்லவில்லை.

வியாழன் மாலை, துக்கத்துக்காக நிறுத்தியிருந்த தையல் இயந்திரங்கள் எதிர்வீட்டுப் பனியன் யூனிட்டில் மீண்டும் ஓடத் தொடங்கின. மருமகளும் நானும் கூடத்தில் அமர்ந்திருந்தோம். மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான்: ஃபின்னிஷ் மொழியில் எச்சங்கள் வேற்றுமை உருபு ஏற்குமா? அவர் மெல்ல விளக்கினார். ‘மென்னேல்லே’ என்றால் போனவருக்கு; ‘மென்னேல்தா’ என்றால் போனவரிடமிருந்து. ‘போன’ என்னும் வினைவடிவமே பெயர்போல் நின்று, சேரும் திசைக்கு ஓர் உருபும் பிரியும் திசைக்கு ஓர் உருபும் ஏற்கிறது. தமிழும் ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எங்களை விநோதமாகப் பார்த்தனர். அந்நாட்களில் குரல் உடையாமல் என்னால் பேச முடிந்தது அது ஒன்றே.

மறுநாள் வாசலில் கார் நின்றது. எங்கள் பக்கத்தில் துக்க வீட்டிலிருந்து எவரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. இன்னொரு துக்கத்துக்கு வர நேர்ந்துவிடும் என்ற அச்சம். அதை மருமகளிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் கைகூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, “போயிட்டு வர்றேனுங்க மாமா” என்றார்.

என் அக்கா பதறிவிட்டார். “அய்யோ சாமி! எழவு ஊட்டுல அப்படிச் சொல்லப்படாது கண்ணு. பேசாமப் போயிரோணும்!”

மருமகளின் முகம் சிவந்தது. “அத்தைதானுங்க சொல்லிக் குடுத்தாங்க. சொல்லாமப் போகக் கூடாதுன்னு.”

“வெள்ளக்காரப் புள்ளைக்கு ‘ங்க’ மட்டும் தப்பாம வருது பாருங்க” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அந்த வழக்கத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. அன்று மீறினேன். “போயிட்டு வா கண்ணு. பாப்பாவையும் கூட்டிட்டு வா.”

“படிச்சவன் நீயே இப்படிப் பேசலாமாடா?” என்றார் அக்கா.

“வரட்டும் அக்கா. வரோணும்.”

துக்க வீட்டுக்கும் ஒருவரைத் திரும்ப வரச் சொல்லும் தேவை உண்டு என்பதை, வழக்கம் அறியாத அந்தப் பெண் சொன்ன பிறகே உணர்ந்தேன். செய்யாத வேலைகள் இன்னும் இருக்கின்றன. மனைவியின் மூக்குக்கண்ணாடியை எடுத்து வைக்கவில்லை. பேத்தியின் அளவு கேட்டுப் பருத்திச் சட்டைகள் அனுப்பவில்லை. வாரந்தோறும் பின்லாந்துக்குப் போகும் தொலைபேசி அழைப்பை இனி நான்தான் செய்ய வேண்டும். அதை இன்னும் தொடங்கவில்லை.