குடைக்கு இடமில்லாத பை

வடசேரிக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவதற்குக்கூட நான் பையைப் பலமுறை திறந்து பார்ப்பேன். குடை இருக்கிறதா, மாத்திரை இருக்கிறதா, சாவி இருக்கிறதா. பஸ் ஏறிய பிறகும் ஒரு முறை. பக்கத்தில் இருப்பவள் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். இந்தப் பதற்றம் எனக்குச் சிறுவயதிலேயே உண்டு. அதைப் போக்கிவிடலாம் என்று முயன்றவர் ஒரே ஒருவர்தான். அம்மாவின் தம்பி, என் மாமா.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அவர் கல்ஃபிலிருந்து வந்தார். எங்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் கல்ஃபிலிருந்து ஆள் வருகிறதென்றால் முதலில் இறங்குவது பெட்டிதான். நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய பெரிய அட்டைப்பெட்டி. ஆள் அதன் பின்னால் இறங்குவார். அடுத்த ஞாயிறு கோயில் ஆராதனை முடிந்ததும் சொந்தக்காரர்கள் வந்து சுற்றி உட்கார, நடுவில் வைத்துப் பிரிப்பார்கள். ஆளுக்கொரு சோப்பு, ஒரு தைலக் குப்பி, பிள்ளைகளுக்கு மிட்டாய். அதுதான் முறை. மாமா வந்த காரில் பெட்டி இல்லை. முதுகில் ஒரு பை மட்டும். அம்மா குனிந்து டிக்கிக்குள் பார்த்தாள்.

“பெட்டி பொறவு வருமாடே?”

“பெட்டி தூக்குத காலமெல்லாம் போச்சுக்கா. வெள்ளக்காரன் ஒத்தப் பையோட உலகத்தையே சுத்துகான், கேட்டியா?”

அங்கே கம்பெனியை மூடிவிட்டார்கள், வேலை போய்விட்டது, கட்டிக் கொண்டுவர ஒன்றுமே இல்லை என்பதை அவர் என் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. எனக்கெங்கே தெரியும்? ஞாயிறு நெருங்க நெருங்க அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை திடீரென்று, “நாளைக்கு மலைக்குப் போறேன். ரெண்டு நாள். நீயும் வாறியாட்டி?” என்றார். கீரிப்பாறைக்கு மேலே, அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டுக்காரர் ஒருவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். கீரிப்பாறை வரை பஸ், அங்கிருந்து மலையில் நடந்தே போய்த் தங்குவது திட்டம். ஒரே நிபந்தனை. என் பை அவருடைய பையைவிடக் கனமாக இருக்கக் கூடாது. இருந்தால் நான் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

எனக்கு மலையும் வேண்டும், என் சாமான்களும் வேண்டும். ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

கல்ஃப்காரர் வீடுகளில் கொக்கி வைத்த கைத்தராசு ஒன்று இருக்கும், பிளேனில் கிலோ கூடிவிடாமல் இருக்க. மாமா அதை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு முதலில் தன் பையை மாட்டினார். முள் கொஞ்சம் போய் நின்றது. என் பையை மாட்டியதும் முள் பாய்ந்து போயிற்று. அவர் பையை அப்படியே தரையில் கவிழ்த்தார். குடை, டார்ச், மெழுகுவர்த்தி, காய்ச்சல் மாத்திரை, மூன்று ஜோடி உடுப்பு, ஊசி நூல், ஸ்வெட்டர், ஏத்தங்காய் சிப்ஸ்.

“ஏட்டி, நீ மலைக்குப் போறியா, மார்த்தாண்டம் சந்தையில கடை போடப் போறியா?”

“மழை பெஞ்சா?”

“நனைவோம்.”

“பொறவு காய்ச்சல் வந்தா?”

“பொறவு போவும்.”

மலையில் அட்டை காலில் ஏறினால் போட நான் வைத்திருந்த உப்புப் பொட்டலத்தை மட்டும் மதித்து ஒதுக்கி வைத்தார். ஒரு துவர்த்து போதும் என்றார். அதுவே துடைக்க, போர்த்த, தலைக்கு வைக்க, வெயிலுக்குத் தலையில் போட. கடைசியாக என் பல்துலக்கும் பிரஷை எடுத்துக் கைப்பிடியைப் பாதியில் ஒடித்தார். “பல்லு தேய்க்குதது இந்தப் பாதிதானே.” எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் எடை சரியாக நின்றது. அவர் தன் பையைத் திறக்கவே இல்லை என்பதையும் கவனித்தேன். ஒன்றைக்கூட எடுக்காமல் இருக்குமளவுக்கு முதலிலேயே குறைத்துக் கட்டியிருக்கிறார், எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர் என்று நினைத்தேன்.

மலையில் மழை பெய்தது. மாமா ஒரு பெரிய சேம்பிலையை ஒடித்து என் தலைமேல் பிடித்தார். “இந்தா குடை. தராசு முள்ளு அசையாது.” நான் சிரித்தேன். ஆனால் அவரால் அங்கேயும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. விடியுமுன் எழுந்து ரப்பர் வெட்டும் கூட்டுக்காரரின் பின்னாலேயே மரம் மரமாக நடந்தார். கத்தியை வாங்கிப் பட்டையைச் சீவிப் பார்த்தார். “இங்க ஆளு எடுக்காவளாடே?” என்று மெதுவாகக் கேட்டார். கூட்டுக்காரர் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

ஞாயிறு சாயங்காலம் இருட்டும் நேரத்தில் ஊருக்கு வந்தோம். எல்லோரும் போயிருப்பார்கள் என்று மாமா நினைத்திருக்க வேண்டும். யாரும் போகவில்லை. முன்னறை நிறைய பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் அவருடைய மூத்த அக்கா, என் பெரியம்மா.

“ஏலே, எங்கல போய் ஒளிஞ்ச? சோப்பு கெடைக்காம இந்தத் தெருவே குளிக்காம கெடக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அவரைப் பார்த்து அவர்கள் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. என் மாமாவின் சாமர்த்தியம் இவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அவர் தோளிலிருந்து பையை உருவி ஓடிப்போய்த் தராசில் மாட்டினேன்.

“பாருங்க பெரியம்மா, மாமா கல்ஃப்லேருந்து கொண்டுவந்த மொத்தமும் இவ்வளவுதான். என் புஸ்தகப் பையே இதவிட கனம்!”

யாரும் கைதட்டவில்லை. முள் ஆடி நின்றது. மாமா தரையைப் பார்த்தார். பெரியம்மா முள்ளைப் பார்த்தாள், பிறகு அவருடைய தேய்ந்த செருப்பைப் பார்த்தாள். நாற்காலியை நகர்த்தி எழுந்தாள்.

“சரி, எழும்புங்க எல்லாரும். பய நடந்து வந்திருக்கான். ஏட்டி, அவனுக்குச் சோறு போடு” என்றாள் அம்மாவிடம்.

மறுநாள் காலையிலிருந்து அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பெரியம்மா பெரியப்பாவுக்கு எடுத்த புதுச் சாரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். “அவருக்கு லுங்கி ஏகப்பட்டது கெடக்குல.” ஒரு சித்தி இரண்டு சட்டை. அடுத்த வீட்டு அக்கா ஒரு தைலக் குப்பி, முன்பு மாமாவே கொண்டுவந்து கொடுத்தது, மூடிகூடத் திறக்காதது. நான் தராசோடு பக்கத்திலேயே நின்று தவித்தேன்.

“மாமா, எடை கூடுது! வேண்டாம்னு சொல்லுங்க!”

அவர் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்தார். பிரஷை ஒடித்த மனுஷன். எனக்கு அநியாயமாகப் பட்டது. இதற்கெல்லாம் இடமிருக்கிறது, என் குடைக்கு மட்டும் ஏன் இல்லை? கோபத்தில் உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து அவர் பைக்குள் குத்தித் திணித்தேன். அவர் அதையும் வெளியே எடுக்கவில்லை. ஜிப்பு பாதியில் நின்றுவிட்டது. அதை இழுத்து மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜிப்பு கெட்டுப்போய்விட்டதோ என்றுதான் நான் பயந்தேன்.