பாசி தின்ன வாயில்லீங்க

ஆராயி உளியை எடுப்பதற்கு முன் கல்லைக் கட்டைவிரலால் படிப்பாள். திருகையின் மேல்கல்லைப் புரட்டி வெயிலுக்குக் காட்டி, நடுக்குழியிலிருந்து விளிம்பு வரை விரலை ஒருமுறை இழுத்தால் போதும். அந்த வீட்டில் என்ன வேகிறது என்று சொல்லிவிடுவாள். ராகி என்றால் வழவழவென்று சீராகத் தேயும். கொள்ளு உடைத்தால் விளிம்பில் சில்லுப் பெயரும். அம்மாபேட்டையில் ஒரு பெரிய வீட்டுக்காரம்மா, "எங்கூட்டுல மூணு வேளையும் நெல்லுச்சோறுதான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தபோது, இவள் தலை நிமிராமலே, "ஆமாங்க. கல்லுதான் பாவம், தெரியாத்தனமா ராகி தின்னுருக்குது" என்றாளாம்.

வயது நாற்பதைத் தாண்டவில்லை. முன்மயிரில் கல்தூள் படிந்து படிந்து கிழவியாகத் தெரிவாள். என்றோ ஒரு சில்லுத் தெறித்ததிலிருந்து, பேசும்போது இடக்கண் தானே மூடிக்கொள்ளும். எதிரே நிற்பவருக்கு, நம்மைக் குறிபார்க்கிறாளோ என்று இருக்கும். ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலத்துக்கு நடைதான். வண்டிக்காரர் யாராவது ஏறிக்கொள்ளச் சொன்னால், "என்ற உளிப்பைய ஏத்துனா உங்க மாடு அழுதுபோடுமுங்க" என்பாள்.

எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளான நான், விலங்கியலில் பட்டம் பெற்று இப்போது சேலத்தில் பாடம் சொல்லும் பள்ளிக்கு ஒரு விடுதி உண்டு. அங்கே நான்கு திருகைகள். மாதந்தோறும் அவற்றின் தேய்ந்த முகத்தை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குகிறவள் ஆராயி. விடுதிக் கல்லே அவள் கையில் என்ற பேரால்தான் ஊரில் மற்ற வீடுகளும் அவளை நம்பிக் கூப்பிடுகின்றன.

போன கார்த்திகையில் ஐந்தாம் பார வகுப்புக்கு எட்மாண்டோசாரஸ் பாடம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, கனடா தேசத்தில் எலும்பாகக் கிடைத்த ராட்சசப் பிராணி. வாத்தைப் போலத் தட்டை அலகு. உள்ளே தாடையில் நூற்றுக்கணக்கில் பற்கள். அதன் தாடைத் துண்டு ஒன்றைச் சாந்தில் வார்த்த நகல் எங்கள் பள்ளி அலமாரியில் இருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன்: வாத்து அலகு, ஆகவே தண்ணீரில் கிடந்து மெத்தென்ற பாசியைத் தின்று வாழ்ந்தது.

விடுதிச் சமையற்கட்டு அடுத்த தாழ்வாரத்தில். அன்று கல் கொத்த வந்திருந்த ஆராயியின் முகம் சன்னலில் தெரிந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, அதைச் சித்த இங்க குடுங்க."

கொடுத்தேன். கட்டைவிரல் பல்வரிசை மேல் போய்த் திரும்பிற்று.

"இது பாசி தின்ன வாயில்லீங்க. பல்லோட பல்லு சேந்து ஒரே கல்லாட்டம் இருக்குது. சாய்வாத் தேஞ்சிருக்குது பாருங்க. குச்சியோ கொட்டையோ, கெட்டியாத் தின்னாத்தான் இப்படித் தேயும்."

"புத்தகத்தில் பாசி என்றுதான் இருக்கிறது, ஆராயி."

"இருக்குமுங்க. எழுதுன சாமி மூக்கைப் பாத்துட்டு எழுதிப்போட்டாரு. வாய்க்குள்ள பாக்கலீங்க."

பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சத்தம் விடுதிக் கண்காணிப்பாளர் சண்முகவேலை இழுத்து வந்தது. நடந்ததைப் பையன்களே சொல்லிவிட்டார்கள்.

"கல்லுக் கொத்தறவ பாடஞ் சொல்றாளா? தெரியாமச் சொல்லிப்போட்டேன்னு இந்தப் பசங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லு. இல்லீன்னா இன்னையோட விடுதிக் கல்லு உனக்கில்ல."

நான் புத்தகத்தைப் புரட்டினேன். அலகுக்கு அரைப் பக்கம். பல்லைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதைச் சொன்னேன். "நீங்க சும்மா இருங்க சார்" என்றார் அவர்.

"தெரியாததத் தெரியாதும்பேனுங்க" என்றாள் ஆராயி. "இது எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சத எப்படித் தெரியாதுங்கறது?"

"அப்பப் பையை எடு."

"கடைசிக் கல்லு பாதியில கெடக்குதுங்க. முடிச்சுப்போட்டுப் போறேன்."

அவர் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. மத்தியான மணி அடிக்கும் வரை உளிச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. மணி அடித்ததும் நாங்கள் எல்லாரும் தாழ்வாரத்துக்குப் போனோம். சண்முகவேலும் நின்றிருந்தார். மேல்கல்லைக் கீழ்க்கல்லில் பொருத்தி, கல்தூள் போகத் தவிட்டை இரண்டு தரம் அரைத்துக் கொட்டிவிட்டு, ஒரு பிடி ராகியைப் போட்டுச் சுற்றினாள் ஆராயி. கொத்திய கல்லின் முதல் மாவை முறத்தில் வைத்து வீட்டுக்காரர் பக்கம் நகர்த்துவது எங்கள் பக்கத்து வழக்கம்; கொத்துகிறவள் கையிலிருந்து யாரும் நேரே வாங்க மாட்டார்கள். அவர் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்ப்பார். பல்லில் நறநறவென்றால் கொத்து தேறவில்லை என்று அர்த்தம்.

முறம் அவள் காலடியிலேயே கிடந்தது. ஆராயி எழுந்தாள். மாவை வெறும் உள்ளங்கையில் அள்ளி, சண்முகவேலின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"வாயில போட்டுப் பாருங்க. நறநறன்னா நான் சொன்னது அத்தனையும் தப்புங்க."

"முறத்துல வை" என்றார் அவர்.

அவள் கையை மடக்கவில்லை.