கேத்தலின் மூக்கு

எங்கள் வீட்டுக் கேத்தலுக்கு மூக்குக் கோணல். அடுப்புக் கரி ஏறிக் கறுத்து, வயிறு ஒரு பக்கம் ஒடுங்கி, மூடியைக் கைப்பிடியோடு கம்பியால் கட்டி வைத்திருக்கும் பழைய அலுமினியக் கேத்தல். கோப்பையை நேராகப் பிடித்தால் சாயத் தண்ணி என்கிற பால் விடாத தேநீர் வெளியே ஊற்றும். கோப்பையை இடப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பது என் வீட்டுக்காரருக்கு மட்டுமே கைவந்தது. விடிந்தும் விடியாததுமாய் எழும்பி, தேயிலை போட்டு, எனக்கு ஒரு கோப்பை ஊற்றி வைத்துவிட்டுத்தான் அவர் ஃபெக்டரிக்குப் போவார். மழையானாலும் அது நின்றதில்லை. முதல் நாள் சண்டை போட்டிருந்தாலும் நின்றதில்லை. சண்டையென்றால் கோப்பை மேசையில் உட்காரும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

நான் கேக் செய்கிறவள். வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், கடைசியாக இருக்கும் எங்கள் வீட்டை ஒட்டித் தகரம் இறக்கி, ஒரு ஓவனும் நீள மேசையும் போட்டிருக்கிறேன். வட்டக் கேக்கும் சதுரக் கேக்கும் ஹட்டன் பேக்கரிகளில் கிடைக்கும். என்னிடம் வருகிறவர்கள் கேட்பது உருவக் கேக். திரீவீல், கிரிக்கெட் மட்டை, தையல் மெசின், குடை. ஒரு கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளையைக் கேலி செய்ய ரப்பர் செருப்பு கூடச் செய்திருக்கிறேன். கேக்கைச் சுட்டு, ஆறவிட்டு, அடுக்கி, கத்தியால் செதுக்கிச் செதுக்கி உள்ளே இருக்கிற பொருளை வெளியே கூட்டி வரவேண்டும். அப்போது உதிர்கிற ஓரமும் மூலையும் உச்சியும் ஒரு தட்டில் சேரும்.

அந்தத் தட்டு அவருடையது. ஃபெக்டரியிலிருந்து வந்ததும் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்பார். உட்காரச் சொன்னால் கேட்கமாட்டார். சட்டையில் தேயிலைத் தூள் வாசம், மேசையில் பட்டர் வாசம், இரண்டும் கலக்கிற இடத்தில் நான் ஐசிங் பூசிக்கொண்டிருப்பேன். முதல் துண்டை மென்றதும் தீர்ப்பு வந்துவிடும். ஒன்று, "சரி." இல்லையென்றால், "உப்பு காணாது." கேக்கில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்ததா இல்லையா என்பதை ஓரத்தைத் தின்றே சொல்லிவிடுவார்.

"ஊருல உள்ளவனுக்கெல்லாம் பொறந்தநாளு, ஓரத்தத் திங்கிறது நானு. எனக்கு எப்ப முழுசா ஒண்ணு செஞ்சு தருவ?"

"என்ன உருவம் வேணும், சொல்லுங்க."

"கேத்தல்."

"எத்தனையோ இருக்க, கேத்தலா?"

"ஆமா. இந்த வீட்டுல எங்கூட சண்டைக்கு வராதது அது ஒண்ணுதானே."

சிரித்தேன். அடுத்த மாதம் செய்யலாம் என்றேன். அடுத்த மாதம் என்பது எங்கள் மலையில் எதிரே தெரிகிற தோட்டம் மாதிரி. கைநீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். நடந்தால் வந்துகொண்டே இருக்கும்.

போன வருசம், பனி கலையாத ஒரு காலை. எனக்கு ஊற்றி வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று தான் குடிக்காமலே போனார். ஃபெக்டரிக்குப் போகிற குறுக்கு வழியில், தேயிலைக்கு நடுவே, மழைத் தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் கானோரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கொழுந்து பறிக்கப் போன பெண்கள் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வேலைக்குக் கள்ளம் போட்டுட்டு உக்காந்துட்டீங்களா?" என்று பகடி பண்ணிக்கொண்டே கடந்து போயிருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வரும்போதும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நெஞ்சு நின்றுபோயிருந்தது.

உயிர் போகும்போது வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. அதுதான் மதினியைத் தின்றது. மதினி என்றால் அவருடைய அக்கா, எங்கள் லயத்திலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறார்கள். "பக்கத்துல கானு ஓடுது. தண்ணி சலசலன்னு ஓடுது. எந்தம்பி தொண்டை காஞ்சு போனான்." இதை அழுதும் சொன்னார்கள், அழாமலும் சொன்னார்கள், தண்ணீர்ப் பீலியில் குடம் நிறைகிறதைப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே சொன்னார்கள். அன்றைக்கே சாயத் தண்ணியை விட்டுவிட்டார்கள். தம்பி குடிக்காமல் போனது எனக்கும் வேண்டாம் என்று வெந்நீர்தான். சுற்றிலும் தேயிலை, கையெல்லாம் தேயிலைக் கறை, குடிப்பது வெந்நீர்.

எனக்கு வேறு மாதிரி. எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் எங்கே போவதென்று தெரியாது. வாசலுக்கு வருவேன், பனி. உள்ளே போவேன், கேத்தல். ரயில் கூவினால் மனசு அதில் ஏறி அடுத்த ஸ்டேசனில் இறங்கி நடந்தே திரும்பி வரும். அவர் ஊற்றித் தந்த கடைசிக் கோப்பையை நான் முழுதாகக் குடித்தேனா, பாதியில் வைத்தேனா? எவ்வளவு யோசித்தும் நினைவில் இல்லை.

வருசத் தெவசத்துக்கு மகள் கொழும்பிலிருந்து வந்தாள். அங்கே ஒரு புடவைக் கடையில் வேலை. வந்து பையை வைத்த கையோடு சொன்னாள், "அம்மா, அப்பா கேட்ட கேத்தல் கேக்க செய்யுங்க. படையல்ல வைப்போம்."

மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்தவனுக்குக் கேக்கா? மெழுகுதிரி ஊதி, கைதட்டிப் பாட்டுப் பாடுவீங்களாக்கும்?"

"பாட மாட்டோம் அத்தை. வெட்டவும் மாட்டோம். அப்பாவுக்குப் புடிச்சதத்தானே வைக்கணும்? நீங்க சாராயம் வைக்கிறீங்கல்ல?"

"அது அவன் குடிச்சது. இது அவன் திங்காதது."

"அதான் அத்தை வைக்கச் சொல்றேன்."

மதினி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். "செய்யி. ஆனா எச்சில் படக்கூடாது. படையலுக்குச் செய்யிறத யாரும் ருசி பாக்கக்கூடாது, சொல்லிப்புட்டேன்."

கேத்தலைத் தேய்க்காமல் கரியோடு அப்படியே மேசையில் வைத்துக்கொண்டேன். நூல் வைத்து வயிற்றை அளந்தேன். இத்தனை வருசம் பார்க்காததையெல்லாம் அன்றைக்குப் பார்த்தேன். கைப்பிடியில் அவர் கட்டைவிரல் அழுத்துகிற இடம் மட்டும் கரி பிடிக்காமல் வெளுத்திருந்தது. வயிற்றிலிருந்த ஒடுங்கல், மகள் தவழ்கிற காலத்தில் இழுத்துத் தள்ளியது. அதைக் கத்தியால் செதுக்க எனக்கு வரவில்லை. கேக்கின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக அமுக்கினேன், வந்தது. மேலே ஃபொண்டன்ட் என்கிற சீனி மாவைத் தேய்த்துப் போர்த்தி, கறுப்புச் சாயம் தடவி, உலர்ந்த கொக்கோவைத் தூரிகையால் தட்டினேன். அடுப்புக் கரி மாதிரியே நின்றது. மகள் கிட்ட வந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

ஐசிங் எடுத்த விரல் பழக்கத்தில் வாய்க்குப் போனது. வாசலிலிருந்து அவள் கத்தினாள், "அம்மா!" விரலைத் துணியில் துடைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ருசி தெரியாத ஒரு கேக்கைச் செய்துகொண்டிருந்தேன்.

மூக்குதான் மிச்சம். எந்த உருவத்திலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாகம் தானாக நிற்காது. உள்ளே மூங்கில் குச்சி ஒன்றைச் செருகி, கேக்கின் வயிற்றுக்குள் ஆழமாக இறக்க வேண்டும். அதிலும் எங்கள் பக்கத்துப் பனிக்குச் சீனி வியர்க்கும், மாவு இளகும். குச்சியைக் கூராக்கிக்கொண்டிருந்தபோது மதினி வந்தார்கள்.

"அது என்ன புள்ள?"

"மூக்குக்கு மதினி. இல்லாட்டி விழுந்துரும்."

"எடு அத. தொண்டையில குத்தும்."

"சாப்பிடுறப்ப உருவிடலாம் மதினி. எல்லாருக்கும் அப்படித்தான் குடுக்கிறது."

"யாரு உருவுறது? அவன் சாப்பிடுறப்ப நீ பக்கத்துல இருப்பியா?"

குச்சியை மேசையில் வைத்துவிட்டேன். ஐசிங்கை மட்டும் கொண்டு மூக்கை ஒட்டி, கோணலைக்கூட விடாமல் இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன். கையை எடுத்தேன், நின்றது. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு என்று எனக்குத் தெரியும்.

அந்தியில் படையல் போட்டோம். அவர் படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, தலைவாழை இலையில் சோறு, கோழிக் குழம்பு, வடை, ஒரு பக்கம் கால் போத்தல் சாராயம், ஒரு சுருட்டு. நடுவில் கேத்தல். செதுக்கிய ஓரங்கள் இருந்த தட்டையும் நான் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில், கீழே வைத்தேன்.

"அது என்ன தூளு?" என்றார்கள் மதினி.

"அவரு திங்கிறது மதினி."

சாம்பிராணி போட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வந்து சாப்பிடுகிறவரை யாரும் பார்க்கக்கூடாது. வாசலில் குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்தோம். பனி இறங்கி எதிர் லயத்தை அழித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார், "கால் போத்தல வச்சு கதவையும் சாத்தியிருக்கீங்க. அண்ணன் வராட்டியும் எங்கப்பன் வந்துருவாரு."

"வாய மூடுடா, எடுபட்ட பயலே," என்றார்கள் மதினி. சொல்லும்போது அவர்களுக்கே சிரிப்பு வந்து, சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "குடிச்சிட்டான்னு தெரிஞ்சாப் போதும். வாய் நனைச்சிட்டான்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே விளக்குச் சூடு. சாம்பிராணிப் புகை. சாத்திய அறை, ஈரக் காற்று. பட்டர் இளகும். மூக்கு முதலில் தலை குனியும், அப்புறம் அடியில் ஒரு விரிசல் விடும். கண்ணை மூடினாலும் அது எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் எல்லாருக்கும் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தார். எனக்கு அங்கே சீனியும் பட்டரும் இருந்தன.

மதினி எழும்பி, கதவைத் தட்டி, தொண்டையைச் செருமினார்கள். திடீரென்று திறந்தால் அவர் வெருண்டு போய்விடுவாராம். பிறகு திறந்தார்கள்.

புகை கலைந்தது. மூக்கு விழுந்து இலையில் கிடந்தது. கோணிய பக்கமே விழுந்திருந்தது. அந்தப் பக்கம்தான் அவர் படம் இருந்தது.

"வந்துட்டான்!" மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "வந்துட்டான்டி! வாய் வச்சுக் குடிச்சிருக்கான் பாரு. அய்யா, எஞ்சாமி, எவ்வளவு தாகம்டா ஒனக்கு, மூக்கையே ஒடிச்சுக் குடிச்சிருக்கியே..."

நான் கேத்தலைப் பார்க்கவில்லை. கதவு திறந்த உடனே என் கண் கீழே தட்டுக்குப் போயிருந்தது. எனக்குத் தெரியாதா, எல்லாம் தெரியும். தெரிந்தும் போனது. வந்திருந்தால் முதலில் கைவைக்கிற இடம் அது. உச்சித் துண்டு மேலே, அதன் மேல் சாய்ந்த மூலைத் துண்டு, சரிந்த ஓரங்கள். நான் வைத்தது வைத்தபடி இருந்தது.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னதிலிருந்து அந்த மேசைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். "அம்மா," என்றாள் மெதுவாக, "குச்சி வைக்காததாலயா?"

மதினியின் அழுகை நின்றது. என்னை அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் என்ன சொல்வேன். ஒரு வருசம் வெந்நீர் குடித்த பார்வை.

"செஞ்சவ நீதான். நீ சொல்லு. அதுவா விழுமா?"

"விழாது மதினி," என்றேன். "நான் ஒட்டுன மூக்கு அதுவா விழாது."

மதினி கையெடுத்துக் கும்பிட்டார்கள். படத்தையா, என்னையா, தெரியவில்லை. இலையிலிருந்து மூக்கை எடுத்து மூன்றாக உடைத்து, மகளுக்கு ஒன்று தந்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்று தந்து, ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்கள். கேத்தலைக் கத்தி படாமல் கையால் பிட்டு எல்லாருக்கும் பங்கு வைத்தார்கள். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று மற்றவர்கள் தின்றார்கள். என் பங்கும் மகளின் பங்கும் தொடாமல் இலையிலேயே இருந்தன. சாப்பாடெல்லாம் முடிந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி மதினி சொன்னார்கள், "அடுப்பப் பத்தவச்சு கேத்தல வையி புள்ள. எனக்கு ஒரு சாயத் தண்ணி தா."

வைத்தேன். கொதித்தது. கோப்பையைப் பிடித்து ஊற்றினேன். நேராகப் பிடித்துவிட்டேன் போல. பாதி கோப்பையில், பாதி மேசையில். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன், தள்ளியது கூடிவிட்டது, கையில் ஊற்றியது. மதினி பாதிக் கோப்பையை வாங்கி, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள்.

எல்லாரும் போன பிறகு தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அத்தைக்குச் சொன்னது சரி. எனக்குச் சொல்லுங்கம்மா."

தட்டை அவள் பக்கம் நீட்டினேன். மூலைத் துண்டை எடுத்தாள். நான் ஓரத்தில் ஒன்றை எடுத்தேன். நின்றபடியே தின்றோம். அவள் மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். எனக்கும் அதற்குள் நாக்கில் தெரிந்துவிட்டது, உப்புப் போட மறந்திருக்கிறேன். அவள் வாய் எதையோ சொல்லத் திறந்தது. மூடிக்கொண்டாள். நானும் சொல்லவில்லை.