நான்காவது ஒன்பது

நீங்கள் பொய் சொன்னீர்கள், மச்சான். என் மனைவிக்கு அண்ணன் என்பதற்காக இத்தனை வருஷம் இதை எழுதாமல் இருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கிணத்துக்கடவில், கடலை மண்டிக்குப் பின்னால் ஞாயிறு மதியங்களில் போக்கர் ஆடுவோம். எஸ்டேட் கிளார்க் ஒருவர் பழக்கிவிட்ட ஆட்டம். ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒன்று கவிழ்ந்திருக்கும், நான்கு எல்லோருக்கும் தெரியும். பந்தயம் புளியங்கொட்டைதான்.

அன்று கடைசிச் சீட்டும் போட்டாகிவிட்டது. நீங்கள் முன்பே விலகிவிட்டீர்கள். மிச்சம் நானும் என் பெரியப்பா மகனும். எங்கள் இருவருக்கும் ஒரே கிணறு, ஒருநாள் விட்டு ஒருநாள் இறைப்பு முறை. அவர் முன்னால் இரண்டு ஒன்பது திறந்து கிடந்தன. என்னிடம் ராஜா சோடியும் எட்டுச் சோடியும், ஒரு ராஜா மட்டும் கவிழ்ந்திருந்தது.

"நான் ஒண்ணும் வெக்கல," என்றார் அவர். கடைசிப் பேச்சு என்னுடையது. நானும் வைக்காமல் சீட்டைத் திறந்திருக்கலாம். அந்த இடத்தில் அதுதான் சரி. சோடி தெரியக் கிடக்கிறவன் சும்மா இருக்கும்போது பந்தயம் ஏற்றினால், தோற்கிற கை விலகிவிடும், ஜெயிக்கிற கைதான் ஒப்புக்கொள்ளும். எனக்கு இது தெரியும்.

கவிழ்ந்திருந்த அவர் சீட்டு மூன்றாவது ஒன்பதாக இருந்தால்தான் எனக்குப் பயம்; மூன்று ஒன்பது என் இரண்டு சோடியையும் அடித்துவிடும். கட்டிலுள்ள நான்கு ஒன்பதில் ஒன்று என் சீட்டுகளில் இருந்தது. பாக்கி ஒன்றுதான். அப்போது என் காதருகே குனிந்தீர்கள்.

"மாப்ளே, அந்த ஒம்பது எங்கிட்ட வந்துச்சுங்க. கவுத்துப்போட்டேன். தைரியமா ஏத்துங்க."

"என்ன, மச்சானும் மாப்பளையும் அங்க சீர் பேசறீங்களா?" என்று அவர் சிரித்தார்.

கொட்டைகளைத் தள்ளினேன்.

"இது புள்ளைக வெளையாட்டு. பருத்தி எடுக்கற வரைக்கும் தண்ணி மொறைய வெய்யி பாக்கலாம். நானும் என்ற மொறைய வெக்கறேன்," என்றார் அவர்.

வைத்தேன். அவர் சீட்டைத் திருப்பினார். ஒன்பது.

கோபம்கூட வரவில்லை. வீட்டுக்கு நடந்தேன். உங்கள் தங்கை சோறு போட்டாள், தின்றேன். மறுநாள் என் முறை. கிணற்றில் அவர் மாடு பூட்டும் சத்தம் கேட்டது, படுத்தே கிடந்தேன். அந்தப் பருவம் முழுக்க பருத்திக் காய் வெடிக்காமல் கருகியதை, வேறு யார் காட்டையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள்ளேயே, ஆட்டம் முடிந்த அடுத்த வாரம், என் முறைத் தண்ணீர் வாய்க்கால் திரும்பி, பக்கத்துக் காட்டில் இருந்த உங்கள் புகையிலைக்குப் பாய்ந்தது. வந்து கேட்டேன்.

"வெளையாட்டுக்குச் சொன்னதுங்க மாப்ளே. அதுக்குப் போயி மொகத்தத் தூக்கி வெச்சுக்கிறீங்களே," என்றீர்கள்.

உங்கள் தங்கை அதன் பிறகு உங்கள் வாசல் மிதிக்கவில்லை.

எனக்கு வீட்டுக்குள் வைத்துச் சமாதானம் சொல்ல வேண்டாம். சந்தை கூடுகிற நாளில், ஊரே கேட்க நின்று சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை உங்களுக்கு விடுவதாக அவர் எப்போது ஒப்புக்கொண்டார்? ஆட்டத்துக்கு முன்பா, பின்பா?